தாய்வழிச் சரிவு

உட்கார்ந்தால்தான் சந்தனமாரிக்கு முழங்கால் வலிக்கும். நடக்கிறவரைக்கும் தெரியாது, தலையில் சுமை இருக்கிறவரைக்கும் சுத்தமாகத் தெரியாது. கோட்டு அலுவலகத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்ததில் வலது முழங்கால் பூட்டிக்கொண்டு, உள்ளே யாரோ கல்லுப்பைப் போட்டு அரைக்கிற மாதிரி நறநறத்தது. ஏசிக் காற்றுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு வயதில் வேறு என்ன காரணம் இருந்துவிடப் போகிறது.

பக்கத்தில் மகள் ரிதன்யா மடியில் பிளாஸ்டிக் உறையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெயரை வைத்தது அவள் அப்பன். போனில் எங்கேயோ பார்த்து வைத்தான். மகளுக்கு நாலு வயதாகும்போது உப்பு லாரியிலிருந்து விழுந்து செத்தான். பட்டை வருவதற்கு முன்பே செத்துப்போனதால் அவனுக்குக் கோடு கிடையாது.

உறைக்குள் பாலிடெக்னிக் சான்றிதழும் துறைமுகத்திலிருந்து வந்த கடிதமும் இருந்தன. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடி பெரிய கிரேன்களை ஓட்டுகிற வேலை. மூன்று வருடம் பயிற்சி, பயிற்சியிலேயே சம்பளம். எழுத்துத் தேர்வில் மாவட்டத்திலேயே நாலாவதாக வந்திருந்தாள். இனி வேண்டியது கோட்டுச் சான்று ஒன்றுதான்.

கோட்டுச் சட்டம் வந்து ஏழு வருடமாகிறது. கூலி வேலைக்காரர்களின் காலில் முதலில் பட்டை கட்டினார்கள். மணிக்கட்டு அகலத்தில் கறுப்பு ரப்பர், உள்ளே ஏதோ மினுக்கும். எத்தனை கூடை, எத்தனை அடி, நெஞ்சு எவ்வளவு அடித்தது, மூட்டு எவ்வளவு ஆடியது என்று எல்லாவற்றையும் சேர்த்து அந்த ஆளின் வலுவுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண் போடும். அதுதான் புள்ளி. இரண்டு வருடம் பார்த்து, ஆண்டுக்கு எவ்வளவு குறைகிறது என்று இன்னோர் எண். அதுதான் சரிவு. இரண்டையும் வைத்துக் கோடு போட்டால், வலு முப்பதுக்குக் கீழே இறங்கும் தேதி தெரிந்துவிடும். அந்தத் தேதிக்குப் பிறகு யாரும் அந்த ஆளைச் சுமை தூக்க வைக்கக் கூடாது. வேலை செய்கிற இடத்தில் ஆள் சுருண்டு விழுந்து சாகக் கூடாது என்று கொண்டுவந்த சட்டம். வீட்டில் போய்ப் பட்டினியில் செத்தால் அது வேறு இலாகா.

கோடு கிடைத்ததும் பட்டையைக் கழற்றி அடுத்த உப்பளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கோடு இருக்கும்போது ஆளை எதற்கு அளக்க வேண்டும்? பிறகு வருடா வருடம் ஒரு தாள் வரும். இந்த வருடம் உனக்கு ஒரு நாளைக்கு இத்தனை கூடைதான் என்று அதில் போட்டிருக்கும். இருநூறு கூடை சுமந்துகொண்டிருந்த சந்தனமாரிக்கு இப்போது தொண்ணூறு. கூலியும் அந்தக் கணக்குத்தான். தெம்பு இருந்தாலும் அதற்கு மேலே தூக்க விடமாட்டார்கள், உன் நன்மைக்குத்தான் என்பார்கள். குறைந்த கூலிக்கு ஈடுகட்ட அவள் விடியுமுன்பே போய் லாரிகளில் ஐம்பது கிலோ மூட்டை ஏற்றினாள். அந்த வேலைக்குத் தாளும் கிடையாது, கோடும் கிடையாது. பாதிக் கூலி, கேட்டால் நாளையிலிருந்து வராதே என்பார்கள்.

உப்பளத்தில் இயந்திரத்தை இறக்கிப் பார்த்தவர்களும் உண்டு. சேற்றில் புதைந்தது. புதையாதது ஒரே பருவத்தில் துருவேறிச் செத்தது. பெண்களின் கணுக்கால் துருப்பிடிக்காது, புண்தான் பிடிக்கும். புண்ணுக்கு மருந்து அவரவர் செலவு.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுத்தர் கூப்பிட்டான். எபனேசர் என்று மேசையில் பெயர்ப்பலகை. முப்பதுகூட ஆகியிருக்காது. நல்ல பையனாகத்தான் தெரிந்தான். இருவருக்கும் தண்ணீர் கொடுத்தான்.

"தங்கச்சி புள்ளி தொண்ணூத்திரண்டு," என்றான். "இந்த மாசம் நான் பாத்ததுலயே பெரிய புள்ளி."

சந்தனமாரிக்குப் பெருமையில் முகம் விரிந்தது. உப்பள வாசமே படாமல் வளர்த்த பிள்ளை. தன் தட்டில் மீன் இல்லாத நாளிலும் அவள் தட்டில் இருந்தது.

"ஆனா கோடு பத்து வருசத்துல முடியுது. கம்பெனிக்காரவ இருபது வருசம் ஓடுற கோடு இருந்தாத்தான் பயிற்சிக்கு எடுப்பாவ."

ரிதன்யா உறையைக் கீழே வைத்தாள். "என்னைய ஒரு தடவைதான சார் அளந்தீங்க? ஒரு புள்ளியை வச்சு எப்படிக் கோடு போட்டீங்க?"

"சரியான கேள்வி. ஒரு புள்ளி வழியா எத்தனை கோடு வேணாலும் போகும். அதுல உன் கோடு எதுன்னு சரிவுதான் சொல்லணும். உனக்குன்னு சரிவு இன்னும் வரல, நீ வேலைக்கே போகலேல்லா. அதனால அம்மாவோட சரிவை எடுத்துக்கிடுவோம். தாய்வழிச் சரிவுன்னு சொல்லுவோம்." ஒரு தாளை இழுத்து எழுதினான்.

y − 92 = −6 (x − 19)

"y வலு. x வயசு. பத்தொம்பது வயசுல தொண்ணூத்திரண்டு, இது உன் புள்ளி. வருசத்துக்கு ஆறு இறக்கம், இது அம்மா சரிவு. y இருந்த இடத்துல முப்பதைப் போட்டுப் பாரு."

அவள் பேனாவை வாங்கவில்லை. மனசுக்குள்ளேயே போட்டாள். "இருபத்தொம்பது வயசு, நாலு மாசம்."

"அவ்வளவுதான்."

சந்தனமாரிக்கு எழுத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. எபனேசர் அவளுக்காக வேறு மாதிரிச் சொன்னான். உப்பு அம்பாரத்தில் ஏறி நிற்கிறீர்கள் அக்கா. நிற்கிற இடம் தெரியும், எவ்வளவு சாய்வு என்று தெரியும், கண்ணை மூடிக்கொண்டே அடுத்த காலடி எந்த உயரத்தில் விழும் என்று சொல்லிவிடலாம் இல்லையா, அதுதான் இது.

"அம்பாரம் அப்படி ஒரே சாய்வா இருக்காதே சார்," என்றாள் அவள். "மழை பெஞ்சா பொதுபொதுன்னு உள்வாங்கும். ஒரு பக்கம் செங்குத்தா நிக்கும்."

"இதுல ஒரே சாய்வுதான்."

ரிதன்யா கேட்டாள், தாய் தகப்பன் இரண்டு பேருக்குமே கோடு இல்லாதவர்களுக்கு எந்தச் சரிவைப் போடுவீர்கள் என்று. பொதுச் சரிவு, வருடத்துக்கு இரண்டு என்றான். யாருக்கு அப்படி இரண்டு பேருக்கும் கோடு இருக்காது என்று கேட்டாள். அவன் பேனாவை மூடினான்.

"எங்க அப்பா வாத்தியாரு," என்றான்.

பிறகு அவனேதான் வழியையும் சொன்னான். மறு அளவு என்று ஒன்று இருக்கிறது. தாயை இன்னொரு தடவை அளக்கலாம். ஒரே ஒரு தடவை. ஏழு வருடத்துக்கு முன்னால் சந்தனமாரியின் முதல் புள்ளி எழுபத்தெட்டு. வருடத்துக்கு மூன்று வீதம்தான் குறைந்திருக்கிறாள் என்றால் இன்றைக்கு ஐம்பத்தேழு இருக்க வேண்டும். ஐம்பத்தேழோ அதற்கு மேலோ வந்துவிட்டால் சரிவு மூன்றாகிவிடும், மகளின் கோடு இருபது வருடத்தைத் தாண்டிவிடும்.

"ஆனா யோசிச்சுக்கிடுங்க. இப்ப உங்க சரிவு ரெண்டு வருசக் கணக்கு, பழசு, அதுல பேச இடம் இருக்கு. மறு அளவு எடுத்துட்டா ஆணியடிச்ச மாதிரி. அதுக்கு மேல மனு கிடையாது. உங்களுக்கும் கிடையாது, தங்கச்சிக்கும் கிடையாது."

"அளங்க," என்றாள் சந்தனமாரி. ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை. ஆறு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது.

பஸ்ஸில் வரும்போது மகளிடம் சொன்னாள். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பட்டை கட்டின முதல் வருடம் சண்முகவடிவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சந்தனமாரியோடு கூடவே பாத்தியில் நின்றவள் வடிவு. ரிதன்யாவுக்குச் சித்தி மாதிரி. எடுத்த நாற்பதாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். வராவிட்டால் இடம் போய்விடும். கூடையைத் தலைக்குத் தூக்கினால் கண் இருட்டிக்கொண்டு வரும், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். உப்பளத்துப் பெண்களிடம் இதற்கு ஒரு வழி உண்டு. கைமாத்து என்பார்கள். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவள் சுமையை இன்னொருத்தி ஏற்றுவாள். முடியாதவள் வரப்பில் நின்று உப்பை வாரிக் கொடுப்பாள். பிறகு இவளுக்கு ஒரு காலத்தில் முடியாமல் போகும்போது அவள் ஏற்ற வேண்டும். யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் மறப்பதுமில்லை.

பட்டை வந்த பிறகு கைமாத்துக்கு ஒரே ஒரு இடைஞ்சல்தான். கூடை பட்டையின் பேரில் ஏறியது, வடிவின் பட்டையில் ஏறாவிட்டால் அவள் இடம் போய்விடும். அதனால் காலையில் உப்பு அடைக்கிற கிட்டங்கிக்குப் பின்னால் போய்ப் பட்டையை மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். சாயங்காலம் திருப்பி மாற்றிக்கொண்டார்கள். கூலி வந்ததும் அதையும் மாற்றிக்கொண்டார்கள். இரண்டு பருவம், ஒரு நாள் தவறாமல். பட்டை கூடையைத்தான் எண்ணுகிறது என்று நினைத்தார்கள். உடம்பையும் எண்ணுகிறது என்று யாரும் சொல்லவில்லை. வடிவின் நோவெல்லாம் சந்தனமாரியின் பேரில் ஏறியது. சந்தனமாரியின் தெம்பெல்லாம் வடிவின் பேரில் ஏறியது.

"அப்ப வடிவு சித்தி சரிவு என்னம்மா?" என்று கேட்டாள் ரிதன்யா.

"ஒண்ணுதானாம்."

வடிவின் மகன் சுதர்சன் மூன்று வருடமாகத் துறைமுகத்தில் இருக்கிறான். அதே கிரேன். ரிதன்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உப்புப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் குத்தின.

*

வடிவின் வீடு இப்போது கான்கிரீட் கூரை. சந்தனமாரி போனபோது அவள் நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பட்டையைக் கழற்றின வருடமே அவளுக்கு நல்ல கோடு என்று தகரக் கொட்டகைக்குள் கூடை எண்ணுகிற வேலை கொடுத்துவிட்டார்கள். ஐந்து வருட நிழலில் உடம்பு மெழுகினாற்போல் இருந்தது. உச்சந்தலையில் சும்மாட்டுத் தழும்புகூட மங்கிவிட்டது.

விஷயத்தைக் கேட்டதும் வடிவு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தாள். பிறகு நேராகவே சொன்னாள், வெளியே சொல்ல முடியாது என்று. பட்டை மாற்றினது குற்றம். சொன்னால் இரண்டு பேர் கோட்டையும் ரத்து செய்வார்கள், ரத்தானவர்களை யாரும் கிட்டத்தில் சேர்க்க மாட்டார்கள், அவர்கள் பிள்ளைகளுக்குப் பொதுச் சரிவும் கிடையாது, பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து தெருவில் நிற்கும். சந்தனமாரிக்கும் அது தெரிந்ததுதான். அதைக் கேட்க அவள் வரவில்லை. மறு அளவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாள்.

"எப்ப?" என்றாள் வடிவு.

"வெள்ளிக்கிழமை. நம்ம அளத்துலயேதான். அந்தப் பையன் பட்டை கொண்டாருவான்."

வடிவு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஏட்டி மாரி, பட்டைக்கு மூஞ்சி தெரியுமா? அன்னைக்கும் தெரியல. இன்னைக்கும் தெரியாது. வெயிலுக்கு எல்லாரும் தலையோட முக்காடு போட்டுத்தான நிப்போம். அவன் கட்டிவிட்டுப் போகட்டும். கிட்டங்கிக்குப் பின்னால வா. நான் கட்டிக்கிட்டு ஏறுதேன்."

"நீயா?" சந்தனமாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீ கடைசியா கூடை எடுத்தது எப்பட்டி? சும்மாடு சுத்தத் தெரியுமா இன்னும்?"

"கேலி பண்ணாத. என் உடம்பு தேயல. நீ உன்னைய நல்லாப் பாத்தியா? எந்திரிக்கும்போது செவத்தைப் புடிக்கிற."

"அது தரை வழுக்குச்சு. நீ நிழல்ல ஊறுன உடம்புட்டி. இருபது கூடையில படுத்துருவ. என் மவ பொழைப்ப உன் காலை நம்பி விடச் சொல்லுதியா?"

வடிவு கோபப்படவில்லை. கருவாட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, திரும்பவும் தள்ளி வைத்தாள். "நான் உனக்குக் குடுக்கணும்லா. ரெண்டு பருவம். ஒரு நாளாவது குடுக்கவிடேன்."

"குடுப்ப. எனக்கு முடியாத காலம்னு ஒண்ணு வரும்லா, அப்பக் குடு."

கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். படியிறங்கும்போது வலது முழங்கால் மடங்கப் பார்த்தது. செருப்பைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்து நின்று, வலி விட்ட பிறகு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் இதைச் சொன்னபோது ரிதன்யா, சித்தியே ஏறட்டும்மா என்றாள். சந்தனமாரி அவளை முறைத்தாள். உன் அம்மா இருநூறு கூடை ஏற்றினவள், இரண்டு ஆள் சுமையை ஒருத்தி ஏற்றினவள், வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தவள் இல்லை என்றாள். மகள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டுவைத்தாள். ஒன்று ஆறு, ஒன்று மூன்று. இரண்டும் ஒரே புள்ளியில் தொடங்கிப் போகப் போக விலகின.

*

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. பதினோரு மணிக்கு வெப்பச் சங்கு ஊதும். அதற்கப்புறம் வெளியே யாரும் நிற்கக் கூடாது. அதுவரை நான்கு மணி நேரம். எபனேசர் குடை பிடித்துக்கொண்டு வந்து, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் குனிந்து அவள் கணுக்காலில் பட்டையைக் கட்டினான். கட்டின இடத்தில் பழைய பட்டையின் தழும்பு வளையமாக இருந்தது. கையில் இருந்த கணினிப் பலகையைப் பார்த்தபடி கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டான்.

கூடையை எடுக்கப் போகிற வழியில் கிட்டங்கி. அதன் பின்பக்க நிழலில் வடிவு நின்றுகொண்டிருந்தாள். கூடை எண்ணுகிறவள் உடுத்துகிற நல்ல சேலை இல்லை. பழைய ஆம்பளைச் சட்டை, கிழிந்த முக்காடு, தலையில் அந்தக் காலத்து மாதிரியே இறுக்கமாகச் சுற்றின சும்மாடு. ஒரு காலை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்திருந்தாள், பட்டை மாற்றிக் கட்டத் தோதாக.

சந்தனமாரி ஒரு விநாடி நின்றாள். பிறகு தாண்டிப் போய்விட்டாள்.

முதல் இருபது கூடை அவளுக்கு விளையாட்டு மாதிரி இருந்தது. பாத்தியிலிருந்து வரப்பு, வரப்பிலிருந்து அம்பாரத்தின் அடி, அங்கிருந்து உச்சி. கொட்டிவிட்டு உதறின கூடையோடு இறக்கம். சுமை ஏறினதும் முழங்கால் வலி ஓடிப்போனது. பார்த்தாயா என்று யாரிடமோ சொல்லிக்கொண்டாள். வடிவு சேலையை மாற்றிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பி வந்து, எப்போதும் போல உரக்க எண்ணத் தொடங்கியிருந்தாள். முப்பதுக்கு மேல் மற்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நாற்பத்தைந்தில் உதடு உப்பி வெடித்தது. ஐம்பதுக்கு மேல் எண்ணும்போது வடிவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. போதும் என்று கண்ணால் சொன்னாள். சந்தனமாரி கேட்கவில்லை. ஐம்பத்தேழு என்ற எண் அவள் தலைக்குள் நின்றது, அது கூடைக் கணக்கு இல்லை என்று தெரிந்தும். அதைத் தாண்டி இன்னும் நாலு கூடை ஏற்றினாள். அறுபத்தொன்றாவது கூடையைக் கொட்டும்போது சங்கு ஊதியது.

இறங்கி வந்து கொட்டகையில் நின்றாள். உட்காரவில்லை, உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும். எபனேசர் அசையாமல் நிற்கச் சொன்னான், பத்து நிமிடம். அவள் சிரித்த முகமாக நின்றாள். நாற்பது தாண்டின எவளும் இந்த அளத்தில் நான்கு மணி நேரத்தில் அறுபத்தொன்று ஏற்றினதில்லை. நாலைந்து பெண்கள் அதை வாய்விட்டே சொன்னார்கள். ரிதன்யா தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

எபனேசர் பலகையைத் தட்டினான். திரும்பத் தட்டினான். பட்டையைக் கழற்றி, துடைத்து, மறுபடி கட்டி இன்னொரு பத்து நிமிடம் பார்த்தான்.

"அக்கா," என்றான், "முப்பத்தாறு."

அவள் புரியாமல் பார்த்தாள். "அறுபத்தொண்ணு ஏத்தியிருக்கேன் சார். அந்தா, அவகிட்ட கேளுங்க."

"எத்தனை ஏத்துனீயன்னு பட்டை பாக்காதுக்கா. ஏத்துன பொறகு என்ன மிச்சம் இருக்குன்னுதான் பாக்கும். நெஞ்சடிப்பு இன்னும் எறங்கி வரல. முழங்கால்ல சவ்வே இல்லைங்கற மாதிரி காட்டுது." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வேற எங்கயும் சுமை தூக்குனீயளா? இத்தனை வருசத்துல?"

விடியுமுன் ஏற்றின மூட்டைகள் அவள் கண் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. வருடம் வருடமாகத் தாள் கூடையைக் குறைத்தது. குறைந்ததற்கு ஈடாக மூட்டை கூடியது. நீ இவ்வளவுதான் என்று கோடு முதலில் சொன்னது. பிறகு உடம்பு அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சொன்னால் மூட்டைக்கு விட்டவனும் மாட்டுவான், இவளும் மாட்டுவாள்.

"இல்ல," என்றாள்.

"மெதுவா ஏறியிருந்தா?" என்று ரிதன்யா கேட்டாள்.

"நாப்பது வந்திருக்கும். ஐம்பத்தேழு வராது."

அவன் பலகையைத் திருப்பிக் காட்டினான். ஏழு வருடத்துக்கு முன்னால் எழுபத்தெட்டில் தொடங்கிச் சரிந்து வருகிற நீலக் கோடு. அதன்மேல் இன்றைய சிவப்புப் புள்ளி. கோட்டுக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ரிதன்யா நோட்டை விரித்துப் பார்க்கவில்லை. எழுபத்தெட்டில் நாற்பத்திரண்டு போக முப்பத்தாறு, அதற்கு நோட்டு வேண்டியதில்லை.

"சரியா கோட்டு மேலயே விழுந்திருக்கு," என்றாள் அவள்.

எபனேசருக்குக்கூட ஆச்சரியம். ஐந்து வருடம் அளக்காமலே விட்ட ஆள், ஒரு எண் பிசகாமல் வந்து நிற்கிறாள் என்றான். மேலிடத்துக்கு அனுப்பினால் சந்தோஷப்படுவார்கள், இந்த மாதிரி ஒரு உதாரணத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தலையைக் குனிந்துகொண்டான். கெட்டவன் இல்லை. பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு குடையை விரித்தான்.

வடிவு கொட்டகையின் மறுமூலையில் நோட்டோடு நின்றாள். அவளும் அந்த எண்ணைக் கேட்டாள். அவளுடைய கோடும் பொய்யாகத் தொடங்கினதுதான். அதை நம்பி அவளுக்கு நிழலைக் கொடுத்தார்கள். நிழலில் இருந்ததால் அதுவும் உண்மையாகிவிட்டது. இன்றைக்கு அவள் ஏறியிருந்தால் ஐம்பத்தேழு என்ன, அறுபதுக்கு மேலேயே வந்திருக்கும். அது அவளுக்கும் தெரிந்தது, சந்தனமாரிக்கும் தெரிந்தது. பேசி என்ன, மறு அளவு ஒரு தடவைதான்.

சந்தனமாரி அப்போதுதான் உட்கார்ந்தாள். எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

*

துறைமுகத்திலிருந்து வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது. ரிதன்யா இரண்டு ஆலைகளில் கேட்டுப் பார்த்தாள். இரண்டிலும் முதலில் கோட்டைத்தான் பார்த்தார்கள். பத்து வருடம் ஓடுகிற ஆளுக்கு வேலை கற்றுக்கொடுக்க யாருக்கும் மனசில்லை. கற்றுக்கொடுக்க வேண்டாத வேலை ஒன்றுதான் இருந்தது. பருவம் தொடங்கியதும் அவளும் அம்மா வேலைபார்க்கிற அளத்துக்கே வந்தாள். பட்டை கட்டுவார்கள் என்று காலைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். கங்காணி பட்டையெல்லாம் எதற்கு என்றான். உன் புள்ளி இருக்கிறது, சரிவு இருக்கிறது, போய்க் கூடையை எடு. முதல் வருடம் தினம் இருநூற்று முப்பது.

சந்தனமாரிக்கு அந்தப் பருவம்தான் கடைசி. நாற்பத்து மூன்று ஆனதும் வலு முப்பதைத் தொடும், கோட்டின்படி. அறுபதில் முதியோர் பணம் வரும். நடுவில் பதினேழு வருடம்.

சங்கு ஊதின பிறகு மூன்று பேரும் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். வடிவு தூக்குச் சட்டியிலிருந்து கருவாட்டுக் குழம்பை எடுத்து முதலில் ரிதன்யாவுக்குத்தான் ஊற்றினாள். பிறகு மெல்ல, இந்தப் பருவத்துக் கூடையை நான் ஏற்றட்டுமா மாரி, நீ உட்கார்ந்து எண்ணு என்றாள். அது ஆகாது என்று அவளுக்கே தெரியும். பத்து நாளைக்கு முன்னால்தான் கேட்டுப் பார்த்தபோது, எண்ணுகிறவள் கூடையைத் தொடக் கூடாது என்று கங்காணி திட்டி அனுப்பியிருந்தான். வடிவு கை கழுவ எழுந்து போனாள்.

ரிதன்யாவின் உள்ளங்கால் இரண்டிலும் புண் வெடித்திருந்தது. அதை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"சித்தி உனக்கு எவ்வளவும்மா குடுக்கணும்?"

"ரெண்டு பருவம்."

"நீ எனக்கு?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. கணக்குக் கேட்கிற குரல். சந்தனமாரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. படிக்காதவள்தான், ஆனால் இந்தக் கழித்தல் அவளுக்குத் தெரியும். ஆறில் மூன்று போக மூன்று. வருடத்துக்கு மூன்று வீதம் அவள் தன் மகளுக்குத் தர வேண்டும்.